'உள்ளேன் ஐயா' கேட்காத ஒன்றரை ஆண்டு

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு தாய். அவருடைய மகள் 2020இல் ஐந்தாம் வகுப்பு முடித்து, ஊரிலிருந்த சிறிய தொடக்கப் பள்ளியிலிருந்து பக்கத்து நகரத்தின் மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு ஆறாம் வகுப்பில் மாறியவள். சேர்ந்த நாள் முதல் ஒன்றரை ஆண்டுக் காலம் வகுப்புகள் கைபேசியிலேயே நடந்தன. இந்த ஆண்டு பத்தாம் வகுப்பை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்திருக்கிறாள். ஆனால் இன்றுவரை அந்தப் பள்ளியை "எங்க ஸ்கூல்" என்று அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பள்ளியின் பெயரைச் சொல்கிறாள், அல்லது "அங்க" என்கிறாள். "எங்க ஸ்கூல்" என்று அவள் வாயில் வருவது பழைய தொடக்கப் பள்ளிதான். இது அவளுடைய சுபாவமா, இணையவழிப் படிப்பின் விளைவா, பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

சுபாவம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பெருந்தொற்று வந்தபோது ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். அந்த ஆண்டுகளில் பள்ளி மாறிய பிள்ளைகள் பலரிடம் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். நீங்கள் கவனித்திருக்கும் அந்த ஒற்றைச் சொல், எந்த வினாத்தாளும் காட்டாத ஒன்றைக் காட்டுகிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் காலக்கணக்கைச் சரியாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. பெரியவர்களாகிய நமக்கு அது ஏதோ ஓராண்டு போலத் தேய்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய வேளையில் ஒன்பதாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி அறிவிக்கப்பட்டது. ஜூனில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ரத்தானது. 2021 ஜனவரி 19இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும் பிப்ரவரி 8இல் ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளும் திறந்தன. மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பைத் தவிர மற்றவை திரும்பவும் மூடப்பட்டன. மறுபடி செப்டம்பர் 1இல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு நவம்பர் 1இல்தான் கதவு திறந்தது. ஆக, உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முழுவதையும் ஏழாம் வகுப்பின் முதல் பாதியையும் அந்தப் பள்ளியின் வகுப்பறையில் உட்காராமலேயே கடந்திருக்கிறாள். திறந்த பிறகும் சுழற்சி முறை. 2022 ஜனவரியில் ஒமைக்ரான் அலையால் இன்னொரு மூடல், பிப்ரவரி 1இல் இன்னொரு திறப்பு. அவள் அங்கே முழுதாகப் படித்த முதல் கல்வியாண்டு, 2022 ஜூன் 13இல் தொடங்கிய எட்டாம் வகுப்புதான். இரண்டு ஆண்டுகள் அந்தப் பள்ளியின் மாணவி என்ற பெயரோடு, அந்தப் பள்ளியில் இல்லாமல் இருந்திருக்கிறாள்.

பள்ளியோடு பிள்ளைக்கு உண்டாகும் இந்த ஒட்டுதலை அளந்து பார்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் கேரல் குட்னோ. 1993இல் அவர் 18 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். பள்ளியில் உள்ள மற்றவர்கள் தன்னை ஏற்றுக்கொள்கிறார்கள், மதிக்கிறார்கள், சேர்த்துக்கொள்கிறார்கள், தனக்குத் துணை நிற்கிறார்கள் என்று ஒரு பிள்ளை எந்த அளவுக்கு உணர்கிறது என்பதே அவருடைய வரையறையின் சாரம். அந்தக் கூற்றுகளில் இரண்டு எனக்கு எப்போதும் நினைவில் நிற்பவை: நான் ஒன்றில் திறமையாக இருந்தால் இங்குள்ளவர்கள் அதைக் கவனிக்கிறார்கள் என்பது ஒன்று, எனக்கு ஒரு சிக்கல் என்றால் பேசுவதற்கு இந்தப் பள்ளியில் ஒரு பெரியவராவது இருக்கிறார் என்பது இன்னொன்று. பாடம் புரிகிறதா, மதிப்பெண் எவ்வளவு என்ற பேச்சு இவற்றில் இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் ஒட்டுதல் இல்லாமல் போகலாம். மக்கு என்று பெயர் வாங்கிய பிள்ளை, பள்ளியே தன்னுடையது போல வளைய வரலாம். என் வகுப்பில் மூன்று ஆண்டுகள் கடைசி பெஞ்சில் இருந்த ஒருவனுக்குப் பள்ளியின் தண்ணீர்த் தொட்டி மோட்டார் எப்போது மக்கர் செய்யும் என்று தலைமையாசிரியரைவிட நன்றாகத் தெரியும்.

நம்முடைய பள்ளிகளில் இந்த உணர்வு எங்கே விளைகிறது என்று கேட்டால், நான் வருகைப் பதிவேட்டைத்தான் காட்டுவேன். காலையில் பெயரை வாசிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்கிறது. இது வெறும் கணக்கெடுப்பு போலத் தோன்றும். ஆனால் ஒரு பெயருக்குப் பதில் வராதபோது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நான் தலையைத் தூக்குவதற்குள் மூன்று குரல்கள் வந்துவிடும்: "அவனுக்குக் காய்ச்சல் சார்", "அவங்க பாட்டி இறந்துட்டாங்க சார்", "பஸ்ஸை விட்டுட்டான் சார், வந்துடுவான்". இல்லாத பிள்ளைக்காக வகுப்பு பேசுகிறது. தான் வராவிட்டால் நாற்பது பேருக்குத் தெரியும் என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும். பள்ளியோடு உள்ள பிணைப்பின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு: ஒருவன் இல்லாதது தெரிய வேண்டும்.

இணையவழிப் படிப்பில் போனது இதுதான். பாடம் ஓரளவுக்கு நடந்தது. வராதவனை யாரும் தேடவில்லை. தமிழ்நாட்டில் அந்தக் காலப் படிப்பு மூன்று வழிகளில் நடந்தது. வசதியுள்ள தனியார் பள்ளிகளில் நேரலை வகுப்பு. அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு. இரண்டுக்கும் எட்டாதவர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்ட் 26இல் தொடங்கப்பட்டிருந்த அந்த அலைவரிசை, 2020இல் அரசின் முக்கியக் கருவியாக ஆனது. கைபேசி இல்லாத வீட்டிலும் தொலைக்காட்சி இருந்ததால் அதன் பயன் சிறிதல்ல. பாடம் நடத்திய ஆசிரியர்கள் பலர் உண்மையிலேயே திறமையானவர்கள். ஆனால் தொலைக்காட்சிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழுந்து போய்விட்டாலும் பாடம் நிற்காது. பெயர் தெரியாத ஆசிரியர் பெயர் தெரியாத பிள்ளைக்குச் சொல்வது அது.

வாட்ஸ்அப் குழுவின் கதை வேறு. அதில் பெயர் தெரியும், ஆனால் நேரம் ஒத்துவராது. என் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தந்தை சரக்கு வாகனம் ஓட்டுபவர். வீட்டிலிருந்த ஒரே திறன்பேசி அவரோடு காலை ஆறு மணிக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்பும். அவன் குழுவைத் திறக்கும்போது நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள் காத்திருக்கும்: வினாத்தாள் படங்கள், "குட் மார்னிங் சார்" வரிசை, யாரோ தவறி அனுப்பிய கல்யாணப் பத்திரிகை. அவன் எல்லாவற்றையும் தாண்டி வீட்டுப்பாடத்தை எழுதி, ஒன்பதரை மணிக்குப் படம் எடுத்து அனுப்புவான். மறுநாள் காலை நான் கைபேசியை எடுக்கும்போது அதன்மேல் புதிய செய்திகள் ஏறியிருக்கும். ஒருநாள் நேரில் பார்த்தபோது சொன்னான்: "நான் அனுப்புறது எல்லாம் மேல போயிடுது சார்." அந்தச் சொல்லில் குறை கூறும் தொனியே இல்லை, மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னான். அன்றிரவு குழுவை மேலே தள்ளிப் பார்த்தேன். இரண்டு வாரங்களில் அவன் அனுப்பிய ஒன்பது படங்களில் நான் பார்த்துப் பதில் போட்டிருந்தது இரண்டு. மற்ற ஏழும் 'மேலே போய்' இருந்தன. இதில் என் பங்கை நான் மறைக்கப் போவதில்லை.

வீட்டில் கைபேசி இருப்பதும் பிள்ளையின் கையில் கைபேசி இருப்பதும் ஒன்றல்ல என்பதை கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையை அளக்கும் 'அசர்' (ASER) என்ற ஆய்வும் 2021இல் காட்டியது. நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளியில் சேர்ந்திருந்த பிள்ளைகளின் வீடுகளில் 67.6 சதவீதத்தில் திறன்பேசி இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிலும் 26.1 சதவீதத்தினருக்கு அது படிப்புக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெரியவனுக்கு முதலிடம், பத்தாம் வகுப்புக்கு முதலிடம், பல வீடுகளில் பையனுக்கு முதலிடம். இந்த வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைக்கு, பள்ளி என்பது அண்ணன் பார்த்து முடித்த பிறகு மீதியிருக்கும் டேட்டா.

உங்கள் மகளுக்கு நேரலை வகுப்பு கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே குறை வேறு வகையானது. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்றது. கண்ணுக்கும் உடம்புக்கும் அது நியாயமான வரம்பு. ஆனால் அதோடு, பள்ளி என்பது பாட வேளைகளின் கூட்டுத்தொகை என்ற எண்ணமும் சத்தமில்லாமல் நிலைபெற்றது. பாட வேளைகளுக்கு இடையில் உள்ள நேரம் எந்த அட்டவணையிலும் வராததால் அதை எடுத்துவிட்டதும் யாருக்கும் உறைக்கவில்லை. இணைப்பு வந்ததும் பாடம், பாடம் முடிந்ததும் திரை இருட்டு. மணியடித்த பிறகு ஆசிரியர் வெளியே போய் அடுத்தவர் வருவதற்குள் உள்ள அந்த நான்கு நிமிடம், கழிப்பறைக்குப் போகும் வழி, பேருந்து நிறுத்தம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் பக்கத்து டப்பாவுக்குப் போகும் கை, இவை எதுவும் அங்கே இல்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளை சிநேகம் பிடிப்பது இந்த இடைவேளைகளில்தான். முக்கோணவியல் நடக்கும்போது யாரும் சிநேகம் பிடிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நேரலை வகுப்பில் பிள்ளைகள் பெயராகக்கூட இல்லை. பலர் அப்பாவின் பெயரில், அம்மாவின் பெயரில், சிலர் கைபேசியின் பெயரிலேயே வகுப்பில் இருந்தார்கள். "ஒப்போ ஏ5, யாருப்பா அது? மைக்கை அணைச்சு வை" என்று சொல்லாத ஆசிரியர் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டார். நாங்கள் சிரித்தோம், பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்களுக்கு அந்த 'ஒப்போ ஏ5' யார் என்று தெரியும். அது அவர்களுக்குள் ஒரு கேலியாகி நெருக்கத்தைக் கூட்டியது. புதிதாக வந்தவளுக்கு அது உண்மையிலேயே ஒரு கைபேசியின் பெயர் மட்டும்தான். ஏற்கனவே இருந்த பிணைப்பு இணையவழியில் ஓரளவு தாங்கியது. இல்லாத பிணைப்பை அதனால் உண்டாக்க முடியவில்லை. அந்த ஆண்டுகளில் நான் பார்த்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வேறுபாடு பொருந்தி வருகிறது. ஆறாம் வகுப்பில் மாறியவர்கள், 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து, பள்ளி எப்படி இருக்கும் என்பதையே இரண்டாம் வகுப்பின் நடுவில் பார்த்தவர்கள், குடும்ப வருமானம் போனதால் தனியாரிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள் ஆகிய மூவகையினரும்தான் அதிகம் இழந்தார்கள். கடைசி வகையினர் சிறு கூட்டமல்ல: நாட்டின் கிராமப்புறங்களில் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் படித்தோர் பங்கு 2018இல் 64.3 சதவீதமாக இருந்தது, 2021இல் 70.3 சதவீதமாக உயர்ந்தது என்று அசர் கணக்கிட்டது. அரசுப் பள்ளி ஆசிரியனாக எனக்கு அது மகிழ்ச்சியான செய்திதான்; ஆனாலும் சீருடைக்கு அளவெடுக்கவே பள்ளிக்குள் வராமல் சேர்ந்த பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர்.

சீருடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சீருடையின் வேலை வீட்டை மறைப்பது. ஓட்டு வீட்டுப் பிள்ளையும் மாடி வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறத்தில் வந்து உட்காரும்போது, வகுப்பறைக்குள் இருக்கும் வரையாவது வீடு கதவுக்கு வெளியே நிற்கிறது. கைபேசி வகுப்பு இதைத் தலைகீழாக்கியது: வீடு வகுப்பறைக்குள் வந்துவிட்டது. பின்னால் காயும் துணி, குடித்துவிட்டுக் கத்தும் குரல், ஒரே அறையில் படுத்திருக்கும் தாத்தா, தையல் இயந்திரச் சத்தம். கேமராவை அணைத்து வைத்த பிள்ளைகளைக் கவனமில்லாதவர்கள் என்று நாங்கள் எழுதிவைத்தோம். பலர் வெட்கத்தால் அணைத்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சில தனியார் பள்ளிகளில் கட்டணம் பாக்கி என்பதற்காக வகுப்புக் குழுவிலிருந்தே பிள்ளையை நீக்கினார்கள். பெரியவர்களின் கணக்கு வழக்கு அது. பிள்ளைக்கு அது, நாற்பது பேர் பார்க்க வெளியே அனுப்பப்பட்டதாகத்தான் தோன்றியிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மூடுவதற்கு முன் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் கூடிக் குலாவின என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டிலிருந்து படித்த காலத்தில் நிம்மதியாக இருந்த பிள்ளைகளும் உண்டு. திக்கிப் பேசும் ஒரு மாணவி, தட்டச்சு செய்து கேள்வி கேட்க முடிந்ததால் அந்த ஆண்டுதான் வகுப்பில் முதன்முதலாகக் கேள்வி கேட்டாள். பட்டப்பெயருக்கும் தள்ளுமுள்ளுக்கும் பயந்தவர்களுக்கு அது விடுமுறை. சாதியின் அடையாளமாகப் பிள்ளைகள் கையில் வண்ணக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஒரு கூட்டத்தோடு சேர்ந்திருப்பது என்பது இன்னொருவனைச் சேர்க்காமல் இருப்பதாகவும் முடியும். அப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பள்ளி திறந்த நாள் திருநாள் அல்ல. திறப்பு விழாவுக்குத் தோரணம் கட்டிய பள்ளிகளில் எத்தனை பேர் இவர்களைப் பற்றி யோசித்தார்கள் என்பது எனக்கு ஐயமே.

இந்த ஒட்டுதல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு புள்ளிவிவரம் சொல்லலாம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இன் முதல் பாதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடையே நடத்திய ஆய்வில், பெருந்தொற்றுக் காலத்தில் மனநலம் மோசமாக இருந்ததாகச் சொன்னவர்கள், பள்ளியில் உள்ளவர்களோடு நெருக்கமாக உணர்ந்தோரில் 28.4 சதவீதம், அப்படி உணராதோரில் 45.2 சதவீதம். மனம் சோர்ந்த பிள்ளைக்கு யாரோடும் நெருக்கம் தோன்றாமலும் இருந்திருக்கலாம் என்பதால் எது காரணம் எது விளைவு என்று இதை வைத்து அறுதியிட முடியாது. அமெரிக்கப் பள்ளிக்கும் நம் பள்ளிக்கும் தூரமும் அதிகம். என்றாலும் இடைவெளி அலட்சியப்படுத்தக்கூடிய அளவில் இல்லை.

அந்த நாட்களில் பிணைப்பைக் காத்தவை எவை என்று யோசித்தால், பெரிய ஏற்பாடுகளைவிடச் சிறிய தற்செயல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 2020இல் விலையில்லாப் பாடநூல்களை வாங்கப் பிள்ளைகளை முறைவைத்து வரவழைத்தோம். முகக்கவசத்தோடு வந்து நின்ற ஒரு பையன், புத்தகக் கட்டை வாங்கிய பிறகும் நகரவில்லை. என்ன என்று கேட்டேன். "அந்தப் புங்கங்கன்னுக்குத் தண்ணி யார் சார் ஊத்துறாங்க?" என்றான். எட்டாம் வகுப்பில் அவன் பொறுப்பில் விடப்பட்டிருந்த கன்று அது. யாரும் ஊற்றவில்லை என்பதுதான் உண்மை. குழாயைத் திறந்துவிட்டேன், ஒரு வாளி ஊற்றிவிட்டுப் போனான். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அவனாகவே வாயிற்கதவுக்கு வெளியே வந்து நின்று காவலரைக் கூப்பிட்டு ஊற்றிவிட்டுப் போனதாக அறிந்தேன். அவனிடம் திறன்பேசி இல்லை. ஒரு நேரலை வகுப்பையும் அவன் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் பள்ளியோடு இருந்தவர்கள் பட்டியல் ஒன்றை எழுதச் சொன்னால் அவன் பெயரைத்தான் முதலில் எழுதுவேன். பள்ளிக்குப் பிள்ளையால் ஆக வேண்டிய வேலை ஒன்று இருந்தால், பிள்ளை பள்ளியை விடுவதில்லை. வகுப்புத் தலைவர், சுண்ணக்கட்டி எடுத்து வருபவர், காலை வழிபாட்டில் திருக்குறள் சொல்பவர், செய்தி வாசிப்பவர் என்று நம் பள்ளிகளில் அன்றாடம் பிரித்துக் கொடுக்கப்படும் சில்லறைப் பொறுப்புகளின் மதிப்பு, அவை நின்றபோதுதான் தெரிந்தது. இணையவழி வகுப்பில் எல்லா வேலையும் ஆசிரியருடையது. பிள்ளைக்கு மிச்சம் பார்ப்பதும் 'கேட்குது சார்' என்பதும்தான்.

பல ஊர்களில் ஆசிரியர்கள் தெருவுக்கே போனார்கள். கோயில் முன்மண்டபத்திலும் மரத்தடியிலும் நான்கைந்து பேரை உட்கார வைத்து நடத்தினார்கள். பாட அளவில் அது சொற்பம். ஆனால் 'சார் நம்ம தெருவுக்கு வந்தார்' என்பது அந்தப் பிள்ளைக்கு ஓர் ஆண்டுக்குப் போதுமானது. அரசு 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வி, இதையே பெரிய அளவில் செய்தது: மாலை நேரத்தில், வீட்டுக்கு அருகில், ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், அவருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கற்றல் இழப்பை ஈடுகட்டுவதற்கென்று சொல்லப்பட்ட திட்டம் அது. அதன் பெரிய பயன், இருபது பெயர்களைத் தெரிந்த ஓர் அக்கா தெருவில் இருந்ததுதான் என்று நான் சொல்வேன். வராத பிள்ளையை அவர் வீட்டு வாசலில் நின்றே கூப்பிட்டுவிடுவார். ஆனால் அந்த ஒட்டுதல் அக்காவோடும் தெருவோடும் உண்டானது. பள்ளிக்குத் தானாக இடம் மாறவில்லை. அக்காவைப் பள்ளி விழாவுக்கு அழைத்த பள்ளிகளில் அது மாறியது. அழைக்காத இடங்களில் பிள்ளைகள் மாலை வகுப்புக்கு ஓடினார்கள், காலைப் பள்ளிக்கு நடந்தார்கள்.

2021 நவம்பரில் உங்கள் மகள் முதன்முறையாக உள்ளே போனபோது அவளுக்குக் கிடைத்த பள்ளி எப்படிப்பட்டது என்பதையும் எண்ணிப் பாருங்கள். பெஞ்சுக்கு இருவர், நடுவில் இடைவெளி. வகுப்பை இரண்டாகப் பிரித்துச் சுழற்சி முறையில் வரச் சொன்னதால், திரையில் கொஞ்சம் பேசிப் பழகிய ஒருத்தி இருந்தாலும் அவள் மறுநாள் பிரிவில் இருந்திருப்பாள். சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ணக் கூடாது. மூக்குக்குக் கீழே யாருடைய முகமும் தெரியாது. சேர்க்கை நடந்த ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு இப்படி ஓர் இடத்துக்குள் நுழைந்தவள், அதை உடனே 'எங்க ஸ்கூல்' என்றிருந்தால்தான் வியப்பு. பிறகு எல்லாம் சரியானபோது, பள்ளிகள் செய்தது என்ன? விட்ட பாடத்தைத் துரத்தினார்கள். புதுமுக மாணவர்களுக்கு வழக்கமாக நடக்கும் அறிமுகம், வரவேற்பு, பள்ளியைச் சுற்றிக் காட்டுவது, இவற்றைக் காலம் கடந்த பிறகு ஏழாம் வகுப்புக்கோ எட்டாம் வகுப்புக்கோ நடத்த வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பழைய பள்ளியின் மீது அவளுக்கு இருக்கும் பிடிப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2020 மார்ச்சில் அவள் அங்கிருந்து விடைபெறவே இல்லை. ஆண்டு விழா இல்லை, கடைசித் தேர்வு இல்லை, கடைசி நாள் சட்டையில் மை தெளிப்பது இல்லை, ஆசிரியர் காலில் விழுந்து ஆசி வாங்குவது இல்லை. சில நாள் விடுமுறை என்று வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. மாற்றுச் சான்றிதழை நீங்கள் போய் வாங்கி வந்திருப்பீர்கள். முடியாமல் நின்றுபோன ஒன்று மனத்தில் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கும். ஒரு நாள் மாலை அவளைப் பழைய பள்ளிக்கு அழைத்துப் போங்கள். அவளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் யாராவது இன்னும் அங்கே இருந்தால் பார்க்கட்டும், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொல்லட்டும், அந்தச் சிறிய பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துச் சிரிக்கட்டும்.

இனி, வேறு பள்ளிக்கு மாற்றலாமா என்ற கேள்வி. அவள் விரும்பும் பாடப்பிரிவு இங்கே இல்லை, போக்குவரத்து கடினம், அல்லது அவளை அங்கே யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றால் மாற்றுங்கள். கடைசியாகச் சொன்னதை அவளிடம் தனியாக, அவசரப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'எங்க ஸ்கூல்' என்று சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மாற்ற வேண்டாம். மேல்நிலைக் கல்வி இரண்டே ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் பாதியைத் தேர்வு விழுங்கிவிடும். புதிய இடத்தில் வேர் பிடிக்க அவளுக்குக் கிடைப்பது உண்மையில் ஓராண்டுதான். இங்கேயே இருந்தால், பதினொன்றாம் வகுப்பில் பிரிவுகள் கலைக்கப்பட்டு எல்லோரும் புதிதாக உட்காருவார்கள். பிற பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். ஐந்தாண்டுகளாகப் புதியவளாகவே இருந்தவள், அந்த ஜூனில் முதன்முறையாகப் பழையவள் ஆவாள். நூலகம் எங்கே, எந்த ஆசிரியருக்கு எது பிடிக்காது, எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக வரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், வருபவர்களுக்குத் தெரியாது.

வகுப்பாசிரியர் யார் என்று தெரிந்த முதல் வாரத்திலேயே அவரைப் போய்ப் பாருங்கள். மகள் மனம் ஒட்டவில்லை என்று புகாராகச் சொல்ல வேண்டாம். அவர் அவளைக் கூப்பிட்டு அறிவுரை சொல்லிவிடுவார், அது இருப்பதையும் கெடுக்கும். 2020இல் ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு உள்ளே வராமல் இருந்தவள் என்பதை மட்டும் சொல்லி, அவளுக்கு ஏதாவது ஒரு பொறுப்பு கொடுக்கும்படி கேளுங்கள். புதிதாகச் சேரும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டும் வேலையாக அது அமைந்தால் மிகவும் நல்லது.